கல்லூரிக் கூடைப்பந்தின் ஆலி-ஊப் டங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் மறக்க முடியாத ஆலி-ஊப்கள் எவை, அவை எப்படி நடந்தன, விதி என்ன சொல்கிறது, ஆடுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வளையத்தின் உயரம் 3.05 மீட்டர், அதன் விட்டம் 45.7 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானே விளங்கும்.

ஆலி-ஊப் என்று எதைச் சொல்வார்கள்?

ஒருவர் வளையத்துக்குப் பக்கத்தில் பந்தை உயரத் தூக்கிப் போடுவார். இன்னொருவர் ஓடிவந்து எம்பி, பந்தை அந்தரத்திலேயே பிடித்து, கால் தரையைத் தொடுமுன் கூடைக்குள் போடுவார். பிடித்துவிட்டுக் கீழே இறங்கி மறுபடி எம்பினால் அது ஆலி-ஊப் அல்ல, சாதாரண லாப் பாஸ், அதாவது உயரத் தூக்கிப் போடும் பாஸ்தான். கடைசியில் டங்க் அடித்தால், அதாவது வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கையாலேயே உள்ளே அறைந்தால், ஆலி-ஊப் டங்க். மெதுவாக உள்ளே விட்டாலும் ஆலி-ஊப்பே. இந்தக் கடைசி வரியைச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஆலி-ஊப் வளர்ந்ததே டங்க்குக்குத் தடை இருந்த காலத்தில் என்பதைக் கீழே பாருங்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சு சர்க்கஸ் வித்தைக்காரர்கள் தாவுமுன் கொடுக்கும் ‘அலே ஊப்’ என்ற குரல்தான் மூலம். விளையாட்டில் அது முதலில் ஒட்டிக்கொண்டது அமெரிக்கக் கால்பந்தில். 1957-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியில் ஒய். ஏ. டிட்டில் வானத்தைப் பார்த்து எறிய, ஆர். சி. ஓவன்ஸ் காவலர்களுக்கு மேலே எம்பிப் பிடிப்பார். அந்தப் பாஸுக்கு வைத்த பெயர் பிறகு கூடைப்பந்துக்கு வந்து நிலைத்தது.

முதலில் ஆடியவர் யார்?

1960-களின் நடுவில் ஓக்லஹோமா பாப்டிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய அல் டக்கரை முன்னோடியாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த அணி 1966-இல் சிறிய கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. பட்டத்தை வென்றது. ஆனால் நாடு முழுக்க இதை அறியவைத்தவர் நார்த் கரோலினா ஸ்டேட் அணியின் டேவிட் தாம்சன். ‘முதல்’ யார் என்ற சண்டையில் பெரிய பயன் இல்லை. உயரமாக எறிந்து எம்பிப் பிடிப்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். அதை ஒரு அணியின் அன்றாட ஆயுதமாக்கியது தாம்சனின் அணி.

அப்போது டங்க்குக்குத் தடை இருந்ததே, தாம்சன் எப்படி ஆலி-ஊப் ஆடினார்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். 1967-68 சீசன் முதல் 1975-76 வரை கல்லூரி ஆட்டத்தில் டங்க் அடிக்கக் கூடாது. யு.சி.எல்.ஏ. அணியின் ஏழடிக்கு மேல் வளர்ந்த லூ அல்சிண்டர், பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார், 1967-இல் தம் அணியை 30-0 (30 வெற்றி, தோல்வியே இல்லை) என்று பட்டத்துக்குக் கொண்டுபோன கையோடு வந்த தடை அது. காயம், உடையும் வளையம் என்று விதிக் குழு காரணம் சொன்னது. அல்சிண்டரைக் குறிவைத்தது என்று மற்ற எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தாம்சன் கல்லூரிக்கு ஆடியது 1972 முதல் 1975 வரை, அதாவது தடையின் நட்டநடுவில். அவர் உயரம் 193 சென்டிமீட்டர்தான். நின்ற இடத்திலிருந்து 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர் எம்புவார் என்று பேர் வாங்கியவர். 170 சென்டிமீட்டர் உயரமே உள்ள மான்ட்டி டோவும், தடித்த தோள்கொண்ட டிம் ஸ்டாடர்டும் பந்தை வளையத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் போடுவார்கள். தாம்சன் அதை வளையத்துக்கு மேலே பிடிப்பார். அறைய முடியாது. எனவே பிடித்த கையோடு வளையத்துக்குள் நழுவ விடுவார். சொல்ல எளிது, செய்வது டங்க்கைவிடக் கடினம். டங்க்கில் பந்து கையிலேயே இருந்து வளையத்துக்குள் போய்விடும், தவற இடம் குறைவு. நழுவ விடும்போது ஓடிவந்த வேகமும் பந்தோடு சேர்ந்து வரும். அதை விரல் நுனியில் கொன்றால்தான் பந்து விளிம்பில் பட்டுத் துள்ளாமல் உள்ளே விழும்.

தடை இருந்ததால்தான் ஆலி-ஊப் ஒரு பாஸ் கலையாக வளர்ந்தது என்பது எங்கள் கருத்து. அறைய அனுமதி இருந்திருந்தால் கூட்டம் அறைவதைத்தான் பார்த்திருக்கும், எறிந்த கையை அல்ல.

தாம்சனின் அணி 1972-73-இல் 27-0. தண்டனைக் காலத்தில் இருந்ததால் தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு 30-1. 1974 அரையிறுதியில் இரண்டு கூடுதல் நேரம் ஆடி யு.சி.எல்.ஏ.-வை 80-77 என்று வீழ்த்தி, இறுதியில் மார்க்கெட்டை 76-64 என்று வென்றது. யு.சி.எல்.ஏ. தொடர்ந்து ஏழு ஆண்டு வைத்திருந்த பட்டம் அது. ஸ்டாடர்ட் பிறகு பேஸ்பாலுக்குப் போய் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் பந்து எறிந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அந்தக் கை எதற்குப் பழகிய கை என்று புரியும்.

தாம்சன் கல்லூரியில் ஒரு டங்க்கும் அடித்ததே இல்லையா?

ஒன்று உண்டு. 1975-இல் சொந்த அரங்கில் ஆடிய கடைசி ஆட்டத்தில், யு.என்.சி. சார்லட் அணிக்கு எதிராக, தனியாக ஓடிப்போய் அறைந்தார். கூடை கணக்கில் சேரவில்லை, விதிமீறலுக்கான டெக்னிக்கல் ஃபவுலும் கிடைத்தது. அரங்கம் அதைக் கொண்டாடியது.

1973 இறுதி ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ.-வின் பில் வால்டன் அடித்த 44 புள்ளிகளில் ஆலி-ஊப் எவ்வளவு?

எண்ணிக்கை சொல்வதைவிட, எறிந்தவரைப் பார்ப்பது நல்லது. செயின்ட் லூயிஸில் யு.சி.எல்.ஏ. மெம்ஃபிஸ் ஸ்டேட்டை 87-66 என்று வென்ற ஆட்டம் அது. வால்டன் 22 முறை போட்டு 21 முறை உள்ளே விட்டார். பந்தைக் கொண்டுவந்து பகிரும் கார்டு கிரெக் லீ 14 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். மெம்ஃபிஸ் ஆட்கள் வால்டனுக்கு முன்னால் நின்று தரைவழிப் பாஸை அடைக்கப் பார்த்தார்கள். முன்னால் நின்றால் முதுகுக்குப் பின்னால் வளையம் வரை வெற்றிடம். லீ அந்த இடத்தில் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். இதுவும் டங்க் தடைக்கால ஆட்டம்தான். வால்டன் பிடித்துப் பலகையில் தட்டி விட்டார், அல்லது உள்ளே இறக்கினார். சென்டரை முன்னால் நின்று மறிக்கும் அணிக்கு லாப்தான் மருந்து என்பதற்கு இன்றும் இந்த ஆட்டத்தைக் காட்டலாம்.

மேஜிக் ஜான்சன், கெல்சர் ஜோடி?

டங்க் 1976-77-இல் திரும்பி வந்தது. அதன் முழுப் பயனையும் எடுத்த முதல் பெரிய ஜோடி மிச்சிகன் ஸ்டேட்டின் இவர்கள். மேஜிக் 206 சென்டிமீட்டர் உயரமுள்ள பாயின்ட் கார்டு. எதிராளியின் தலைக்கு மேலே பார்த்து எறிய அவருக்கு எம்ப வேண்டியதே இல்லை. வழக்கமாகக் குள்ளமான கார்டு லாப் போடும்போது, பந்தை மறிக்கிறவரின் கையைத் தாண்ட வளைவை அதிகமாக்குவார். வளைவு கூடினால் பந்து காற்றில் இருக்கும் நேரம் கூடும், காவலுக்கு வருகிறவருக்கும் நேரம் கிடைக்கும். மேஜிக்கின் லாப் தட்டையாக, வேகமாகப் போனது.

1979 பிராந்திய இறுதியில் நாட்டர் டேமை 80-68 என்று வென்றபோது கெல்சர் 34 புள்ளி, மேஜிக் 13 அசிஸ்ட். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் லேரி பேர்டின் இண்டியானா ஸ்டேட்டை 75-64 என்று வென்றார்கள்.

1983-இல் நார்த் கரோலினா ஸ்டேட்டின் லோரென்சோ சார்ல்ஸ் அடித்தது ஆலி-ஊப்பா, இல்லையா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. ஆனால் ஆலி-ஊப் பற்றிய எந்தப் பேச்சும் அதைத் தொடாமல் முடியாது.

ஏப்ரல் 4, 1983, ஆல்புகர்க்கி நகரின் ‘தி பிட்’ அரங்கம். நார்த் கரோலினா ஸ்டேட்டும் ஹூஸ்டனும் 52-52. அப்போது கல்லூரி இறுதி ஆட்டத்தில், ஷாட் எடுக்க வேண்டிய நேரத்தை எண்ணும் ஷாட் கடிகாரம் இல்லை (45 விநாடிக் கடிகாரம் 1985-86-இல்தான் வந்தது). எனவே ஸ்டேட் பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கடைசி ஷாட்டுக்குக் காத்தது. ஓரத்திலிருந்து தர்ல் பெய்லி அனுப்பிய பாஸை ஹூஸ்டனின் பென்னி ஆண்டர்ஸ் கிட்டத்தட்டப் பறித்துவிட்டார். தட்டுத்தடுமாறிப் பந்தைப் பிடித்த டெரெக் விட்டன்பர்க், வளையத்திலிருந்து சுமார் 9 மீட்டர் தொலைவில் நின்று எறிந்தார். பந்து வளையத்துக்கு எட்டவில்லை. அருகே நின்ற ஹூஸ்டனின் ஒலாஜுவோன் எம்பவில்லை, சார்ல்ஸ் எம்பினார். வளையத்துக்கு முன்னால் காற்றிலேயே பிடித்து இரண்டு கையாலும் உள்ளே அழுத்தினார். 54-52.

அது பாஸ்தான் என்று விட்டன்பர்க் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் எறிந்தது ஷாட். சார்ல்ஸ் எடுத்தது தவறிய ஷாட்டின் ரீபவுண்ட்.

அப்படியானால் அதைத் தொட்டது கோல்டெண்டிங் இல்லையா? ஷாட் ஆயிற்றே!

நல்ல கேள்வி. கோல்டெண்டிங், அதாவது கூடைக்குள் இறங்கும் ஷாட்டைத் தொடும் தவறு, ஆக நான்கும் சேர வேண்டும்: அது ஷாட்டாக இருக்க வேண்டும், பந்து இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், முழுப் பந்தும் வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கூடைக்குள் விழ வாய்ப்பு இருக்க வேண்டும். எட்டாத பந்துக்கு நான்காவது இல்லை. எனவே தொடலாம். அரை மீட்டர் கூடுதலாக எறிந்து, வளையத்தில் படப்போகிற பந்தாக இருந்திருந்தால், பட்டம் வேறு கதை ஆகியிருக்கும்.

ஹூஸ்டன் அணியை ஏன் ‘ஃபை ஸ்லாமா ஜாமா’ என்றார்கள்?

டங்க் அடிப்பதற்கென்றே ஒரு மாணவர் சங்கம் என்ற கேலியில், 1983 ஜனவரியில் ஹூஸ்டன் போஸ்ட் நாளிதழின் தாமஸ் போங்க் வைத்த பெயர். டிரெக்ஸ்லரும் ஒலாஜுவோனும் இருந்த அணி. அரையிறுதியில் லூயிவில்லை 94-81 என்று டங்க் மழை பொழிந்து வென்றவர்கள் இரண்டு நாளில் ஒரே ஒரு டங்க்கால் தோற்றார்கள்.

சிராக்கியூஸின் ஷெர்மன் டக்ளஸ் பெயரை ஏன் இவ்வளவு பேர் சொல்கிறார்கள்?

எறிகிறவர்களின் வரிசையில் அவரை முதலில் வைப்போம் என்பதால். ஜனவரி 28, 1989 அன்று பிராவிடன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 22 அசிஸ்ட், அன்றைய தேசியச் சாதனைக்குச் சமம். டெரிக் கோல்மன், ஸ்டீஃபன் தாம்சன் இருவரும் அவருடைய லாப்களை வாங்கியவர்கள். டக்ளஸ் ஓட்டத்திலேயே, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிளை நிறுத்தாமல், ஒற்றைக் கையால் தூக்கிவிடுவார். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி எறிந்தால் குறி நன்றாக இருக்கும், ஆனால் எறியப்போகிறோம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒற்றைக் கை லாப்புக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை.

எல்லாக் காலத்துக்கும் சிறந்தது என்று ஒன்றைச் சொன்னால்?

1991 இறுதி ஆட்டத்தில் கிராண்ட் ஹில் அடித்தது. ஏப்ரல் 1, இண்டியானாபொலிஸ், டியூக் எதிர் கேன்சஸ். அரையிறுதியில் தோல்வியே காணாத யு.என்.எல்.வி.-யை 79-77 என்று சாய்த்துவிட்டு வந்த டியூக், ஆரம்ப நிமிடங்களிலேயே, எதிரணி காவலுக்குத் திரும்புமுன் பாயும் ஃபாஸ்ட் பிரேக்கில் ஓடியது. பாபி ஹர்லி எறிந்த லாப், உண்மையைச் சொன்னால், மோசமான பாஸ். உயரமும் அதிகம், ஆளுக்குப் பின்னாலும் போனது. முதலாண்டு மாணவரான ஹில் எம்பிய பிறகு வலது கையை முடிந்தமட்டும் பின்னால் நீட்டி, ஒரு கையில் பந்தை அள்ளி, அப்படியே முன்னால் கொண்டுவந்து அறைந்தார். டியூக் 72-65 என்று வென்று முதல் பட்டம் பெற்றது.

சரியான பாஸில் விழும் ஆலி-ஊப் அழகு. தப்பான பாஸ் ஆலி-ஊப்பாக மாறுவது அதற்கும் மேலே. பின்னால் போன பந்தைப் பிடிக்கும்போது உடம்பு பின்னால் சாயும், வளையம் எட்டாமல் போகும். பந்தைப் பிடித்த கை தலைக்குப் பின்னால் இருக்கையில் இடுப்பு முன்னே போய்க்கொண்டே இருந்ததால்தான் அது முடிந்தது. மறுபடி பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல் அவர் இடுப்பைப் பாருங்கள்.

‘டங்க் சிட்டி’ என்பது எந்த ஊர்?

ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மயர்ஸ். அங்கே உள்ள ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியதே 1997-இல். 2013 தேசியப் போட்டியில் 15-ஆம் தரவரிசையில் நுழைந்து, மார்ச் 22 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 2-ஆம் தரவரிசை ஜார்ஜ்டவுனை 78-68 என்று கவிழ்த்தது. அடுத்து சான் டியேகோ ஸ்டேட்டை 81-71 என்று வென்று, கடைசிப் பதினாறுக்குள் போன முதல் 15-ஆம் தரவரிசை அணி ஆனது. அங்கே ஃபுளோரிடாவிடம் 62-50 என்று தோல்வி.

நினைவில் நிற்பது ஜார்ஜ்டவுன் ஆட்டத்தின் முடிவில், பெரிய முன்னிலை சுருங்கி வந்த வேளையில், பிரெட் காமர் தூக்கிப் போட்டு சேஸ் ஃபீலர் ஒற்றைக் கையால் அறைந்தது. எந்தக் கோச்சும் அந்த நேரத்தில் பந்தைப் பத்திரமாக வைத்துக் கடிகாரத்தை ஓட்டத்தான் சொல்வார். காமர் எறிந்தார். பாஸ் தவறியிருந்தால் அதையே ஆண்டுக்கணக்கில் குறை சொல்லியிருப்பார்கள். அந்த ஆட்டத்தில் அவருக்கு 10 அசிஸ்ட், அடுத்ததில் 14.

எப்போது எறிய வேண்டும்? எம்பிய பிறகா, முன்னாலா?

முன்னால். பெரும்பாலோர் நினைப்பதைவிட நிறைய முன்னால்.

கணக்குப் போடுவோம். 80 சென்டிமீட்டர் எம்புகிறவர் காற்றில் இருப்பது மொத்தம் 0.8 விநாடி. உச்சிக்குப் போக 0.4, இறங்க 0.4. இனி பந்து: 6 மீட்டர் தொலைவிலிருந்து, 2.2 மீட்டர் உயரத்தில் கையைவிட்டுப் போய், 4.5 மீட்டர் வரை ஏறி, 3.4 மீட்டரில் பிடிபடுகிறது என்று வையுங்கள். அந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய 1.15 விநாடி ஆகும். பிடிக்கிறவர் உச்சியில் இருக்கையில் பந்து வர வேண்டுமானால், பந்து கையைவிட்டு 0.75 விநாடி ஆன பிறகுதான் அவர் கால் தரையை விட வேண்டும். அதாவது எறியும் நொடியில் அவருக்கு இன்னும் இரண்டு எட்டு பாக்கி. எம்பியதைப் பார்த்துவிட்டு எறிந்தால், பந்து வரும்போது அவர் இறங்கி நின்றுகொண்டிருப்பார்.

இயற்கை ஒரு சலுகை தருகிறது. மேலே எறிந்த எதுவும் தன் மொத்த நேரத்தில் பாதியை உயரத்தின் மேல் கால் பங்கில் கழிக்கும். 80 சென்டிமீட்டர் குதியில் மேல் 20 சென்டிமீட்டரில் மட்டும் 0.4 விநாடி. ‘அந்தரத்தில் நின்றார்’ என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே பாஸ் 0.1 விநாடி முன்பின் ஆனாலும் பிழைக்கலாம். 0.3 விநாடி தவறினால் பிழைக்க முடியாது.

பந்தை எங்கே குறிபார்க்க வேண்டும்? வளையத்துக்கு நேர் மேலேயா?

கூடவே கூடாது. கல்லூரி விதியில் வளையத்தின் மேல் ஒரு கற்பனை உருளை இருக்கிறது. பந்தின் எந்தப் பகுதியாவது அந்த உருளைக்குள் இருக்கும்போது முதன்முதலாகத் தொட்டால் அது பேஸ்கெட் இன்டர்ஃபியரன்ஸ். புள்ளி போய்விடும், பந்தும் எதிரணிக்கு. உருளைக்கு வெளியே பிடித்துவிட்டு, கையில் இருக்கும் பந்தோடு உள்ளே போகலாம்.

குறி இதுதான்: வளையத்தின் முன் அல்லது பக்க விளிம்பிலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி. உயரத்துக்குப் பலகையில் வரைந்த செவ்வகத்தின் மேல் மூலையை அடையாளமாக வைக்கலாம். அது வளையத்துக்கு 45 சென்டிமீட்டர் மேலே, தரையிலிருந்து 3.5 மீட்டர். நல்ல எம்பு உள்ளவருக்கு அந்த மட்டம், மற்றவர்களுக்கு ஒரு பந்து அளவு கீழே.

நம் ஊரில் ஆடும், உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில் இந்த உருளை கிடையாது. அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே நடுவரிடம் வாதாடுகிறவர்களும், இங்கே பழகிவிட்டு அதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் இதைக் கவனிக்க.

லாப்புக்கு ஆளை எப்படி விடுவிக்கிறார்கள்?

மிகப் பழைய வழி பேக் ஸ்க்ரீன். விங்கில், அதாவது ஆடுகளத்தின் பக்கவாட்டில், நிற்கிறவரின் காவலருக்குப் பின்னால் உயரமான ஆள் வந்து அசையாமல் நிற்பார். விங் ஆள் அவரை உரசிக்கொண்டு வளையத்தை நோக்கி ஓடுவார். காவலர் முட்டிக்கொள்வார். ஸ்க்ரீன் போட்டவரின் காவலர் ஒரு எட்டு பின்வாங்கினால் இது செத்தது. அவர் மேலே ஏறி நிற்கும் அணிகளுக்கு எதிராகவே கூப்பிட வேண்டும்.

இன்று அதிகம் காண்பது பிக் அண்ட் ரோல். ஸ்க்ரீன் போட்ட ஆள் திரும்பி வளையத்துக்கு ஓடுவார், அவருடைய காவலர் பந்தைத் தடுப்பதா இவரைத் தடுப்பதா என்று நடுவில் நிற்பார். அந்தக் காவலரின் குதிகால் தரையிலிருந்து எழும்பி டிரிபிள் செய்கிறவரை நோக்கி எடை மாறும் கணம்தான் எறிய வேண்டிய கணம்.

முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக இடத்தைக் காக்கும் 2-3 ஸோனுக்கு எதிரான லாப் தனிக் கணக்கு. பந்து ஒரு விங்கில் இருக்கும்போது ஸோனின் ஐந்து முகங்களும் அந்தப் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கம் பேஸ்லைனில் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு), பலகைக்குப் பின்னால் பதுங்கி நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டருகே உள்ள ஹை போஸ்ட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி ஸோனின் நடு ஆளை மேலே இழுத்துவிட்டால் வளையம் காலி. பேஸ்லைனிலிருந்து உள்ளே எறியும்போதும் இதேதான். ஒரு எச்சரிக்கை: பலகை ஆடுகளத்துக்குள் 1.22 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், எறிகிறவர் நேர் பின்னால் நின்றால் பந்து பலகையின் பின்புறத்தில் படும். ஓரமாக நகர்ந்து நிற்க வேண்டும்.

பெரும்பாலும் எங்கே தவறுகிறது?

எறிகிறவரிடம். முதல் தவறு தாழ்வான பாஸ். பயத்தில் கை பாதியில் நின்றுவிடும், நடுவில் இருக்கும் காவலரின் கைக்குப் பந்து போகும். அடுத்து நடப்பது நேராக மறுமுனையில் எதிரணியின் ஃபாஸ்ட் பிரேக். தவறுவதாக இருந்தால் உயரமாகத் தவறட்டும் என்று சொல்லித் தருவது இதனால்தான். ஹர்லியின் பாஸ் தாழ்வாகத் தவறியிருந்தால் ஹில்லுக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்தது, பலகைக்கு அருகே போகப் போக வளையத்தின் பின்பக்கம் இறங்கும் பாஸ். பிடிக்கிறவர் வளையத்துக்கு அடியில் போய்விடுவார், தலைக்கு மேல் இரும்பு இருக்கும். மூன்றாவது, பிடிக்கிறவர் பந்தையே பார்த்துக்கொண்டு ஓடி, சீக்கிரம் எம்புவது. வளையத்தைப் பார்த்து ஓடி, கடைசி எட்டுக்கு முன்தான் பந்தைத் தேட வேண்டும். விரல்கள் விறைத்திருந்தால் பந்து தெறிக்கும். எறிபவர் அதிகச் சுழற்சி கொடுத்தாலும் அதுவே நடக்கும்.

காவல் அணி எப்படித் தடுக்கலாம்?

எறிகிறவரின் கையில் நெருக்குங்கள், கண்ணுக்கு முன்னால் கை இருந்தால் லாப்பின் குறி போய்விடும். ஓடுகிறவர் எம்புமுன் அவர் பாதையில் போய் நின்றுவிடுங்கள். பந்து இல்லாத எதிர்ப்பக்கத்தில் வளையத்தருகே நிற்கும் காவலர் வளையத்தை விட்டு நகரக் கூடாது.

எம்பிய பிறகு அடியில் போகாதீர்கள். அது ஃபவுல் மட்டுமல்ல, ஆபத்தும். 1974 மார்ச்சில் பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் ஒரு ஷாட்டைத் தடுக்க எம்பிய தாம்சன், தம் அணியின் ஃபில் ஸ்பென்ஸ் தோளில் கால் தட்டித் தலைகுப்புற விழுந்து நினைவிழந்தார். தலையில் தையலும் கட்டுமாக அன்றே அரங்குக்குத் திரும்பி வந்தார். ஒவ்வொருவருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

0.3 விநாடி இருக்கும்போது ஆலி-ஊப் டங்க் செல்லுமா?

கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் செல்லாது. 0.3 அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது உள்ளே எறிந்த பந்தைத் தட்டி மட்டுமே போடலாம், பிடிக்கக் கூடாது. 0.4 இருந்தால் பிடித்து அறையலாம். பந்து ஆடுகளத்துக்குள் யாராவது தொட்ட பிறகே கடிகாரம் ஓடும், ஆகவே காற்றில் போகும் ஒரு விநாடி இலவசம். ஃபிபாவில் 0.2, 0.1 விநாடியிலும் தட்டலாம், நேரடியாக டங்க்கும் அடிக்கலாம்.

டங்க் அடித்துவிட்டு வளையத்தில் தொங்கினால்?

டெக்னிக்கல் ஃபவுல். கீழே ஆள் இருந்து, விட்டால் யாருக்காவது அடிபடும் என்றால் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். வளையம் உடையுமே என்ற பழைய கவலையைத் தீர்த்தது இல்லினாய்யின் தானியக் கிடங்கில் வேலை செய்த ஆர்தர் எராட். டிராக்டர் கலப்பையின் சுருள் வில்லை வைத்து, அழுத்தினால் கீழே மடங்கி மீளும் வளையம் செய்து, 1982-இல் காப்புரிமை பெற்றார்.

பெண்கள் கல்லூரி ஆட்டத்தில்?

டங்க்கே அரிது. மேற்கு வர்ஜீனியாவின் ஜார்ஜியன் வெல்ஸ் டிசம்பர் 21, 1984-இல் அடித்தது முதல். மார்ச் 19, 2006-இல் டென்னசியின் கேண்டஸ் பார்க்கர் ஒரே ஆட்டத்தில் இரண்டு அடித்தார். லாப் பிடித்து மெதுவாக உள்ளே விடும் (லே-அப்) ஆலி-ஊப் மட்டும் பெண்கள் ஆட்டத்தில் தாராளம்.

டங்க் அடிக்க எட்டாதவர்கள் இதைப் பழகலாமா?

தாராளமாக. தாம்சனும் அறையவில்லையே.

ஆரம்பத்தில் எறிகிறவர் மட்டும் பழகட்டும். 5 மீட்டர் தள்ளி நின்று, செவ்வகத்தின் மேல் மூலை உயரத்தில், வளையத்துக்கு அரை மீட்டர் பக்கத்தில் பந்து கடக்கும்படி 20 முறை. பலகையில் பட்டால் அது கணக்கில் இல்லை. பிடிக்கிறவர் தனியாக மூன்று எட்டு ஓட்டத்தில் எம்பி, தன் இரண்டு கையும் எவ்வளவு எட்டுகிறது என்று அளக்கட்டும். இரண்டு கை எட்டுவது ஒரு கை எட்டுவதைவிடச் சில சென்டிமீட்டர் குறையும். எறிகிறவர் மறக்கக் கூடாத எண் அது.

பிறகு சேர்ந்து: 10 முறை பிடித்து இறங்குவது மட்டும், கூடையை நினைக்கவே வேண்டாம். இரண்டு காலிலும், முட்டி மடங்கி இறங்க வேண்டும். அடுத்த 10 பிடித்துப் பலகையில் தட்டி விடுவது. பத்தில் ஏழு விழுந்தால்தான் காவலர் ஒருவரை நிறுத்துங்கள். முழு வேகக் குதிகள் ஒரு நாளைக்கு 25-க்கு மேல் போகாதிருப்பது முட்டிக்கு நல்லது. சிமென்ட் தரையில் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். வளையம் எட்டுகிறவர்கள் முதலில் கைக்குள் அடங்கும் சின்னப் பந்தால் அறைந்து பழகலாம்.

ஸ்கோர் தாளில் யாருக்கு என்ன?

பிடித்துப் போட்டவருக்கு 2 புள்ளி, எறிந்தவருக்கு 1 அசிஸ்ட். பந்து கையில் படாமல் வெளியே போனால் பந்தை இழந்த கணக்கான டர்ன்ஓவர் எறிந்தவர் பெயரில் விழும், பிடிக்க வேண்டியவர் சீக்கிரம் எம்பியிருந்தாலும் சரி.